ஆறு நிமிஷம் முந்திய பகிடி

லெந்து நாற்பது நாளும் பகிடி விடுவதை நிறுத்துகிறேன் என்று நான் கோவிலில் எழும்பிச் சொன்னபோது சபை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. என் ஆயுளில் நான் வாங்கிய மிகப் பெரிய சிரிப்பு அதுதான். வாங்க வேண்டும் என்று நினையாமல் வாங்கிய ஒரே சிரிப்பும் அதுதான்.

அது அறுபதாம் ஆண்டு, லெந்து தொடங்குகிற சாம்பற்புதன் பின்னேரம். எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைய ஆராதனை முடிவில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஒறுத்தல் காலமான லெந்தில் எதை விடப்போகிறோம் என்பதை விரும்பியவர்கள் எழும்பிநின்று ஒரு சொல்லில் சொல்வார்கள். ஆண்டவருக்கு முன்னால் சொன்னதை மீறுகிறவர்கள்கூட அயலட்டைக்கு முன்னால் சொன்னதை மீறமாட்டார்கள் என்பது ஆனந்தராசா போதகரின் நீண்டகால அனுபவம். ஒருவர் "இறைச்சி" என்றார். இன்னொருவர் "சுருட்டு" என்றார். அவருடைய மனைவி பின்வரிசை வாங்கிலிருந்து "மூக்குப்பொடியும்" என்று சேர்த்துவிட்டார். பிறகு நான் எழும்பி, "பகிடி" என்றேன்.

முன்வாங்கில் தொடங்கிய சிரிப்பு பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. போதகர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு பலிபீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கியதை நான் கண்டேன்.

என் மனைவி கனகம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும்.

நான் அப்போது மூதூர் லோஞ்சில் டிக்கட் கிளாக்கர். திருகோணமலை இறங்குதுறையில் ஒரு பலகைக் கூட்டுக்குள் இருந்து டிக்கட் விற்பேன். லோஞ்ச் வெளிக்கிடும் நேரம் கூட்டைப் பூட்டிவிட்டு நானும் ஏறி, கயிற்றைக் கழற்றி, ஆட்களை இருத்தி, மூதூர் வரை போய் வருவேன். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அந்த ஒன்றரை மணித்தியாலமும் என் வாய் ஓயாது. எஞ்சின் நின்றாலும் குலசிங்கம் நிற்கமாட்டான் என்று சனம் சொல்லும். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டதுண்டு. அந்த அளவுக்குத்தான் எனக்குப் புத்தி இருந்தது.

லோஞ்சின் தண்டையல், அதாவது சுக்கான் பிடித்து ஓட்டுகிறவன், மூதூர் ஸெய்னுதீன். பதினெட்டு வருஷமாக அவனுக்கு அதுதான் தொழில். ஏழு வருஷமாக அவனும் நானும் ஒரே லோஞ்ச், ஒரே சாப்பாட்டுப் பெட்டி. என் மீன்குழம்பு அவனுக்குப் போகும், அவன் வீட்டு இறைச்சிக் கறி எனக்கு வரும். ஒருநாள் மூதூர்த் துறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தன்பாட்டில் சொன்னான்:

"எனக்கு நீந்தத் தெரியாது மச்சான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஆறு வயதாயிருக்கும்போது அவனுடைய மூத்த சகோதரன் ஊரோடு ஓடுகிற கங்கையில் குளிக்கப் போய்த் திரும்பி வரவில்லையாம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று அவனுடைய உம்மா அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாவாம். உம்மா கண்ணை மூடி மௌத்தாகியும் சத்தியம் மௌத்தாகவில்லை.

"கடலிலதான் சோறு தின்னுறன். கடலுக்குள்ள இறங்கினதில்ல. ஒருத்தருக்கும் சொல்லாத."

"சீ, நான் சொல்லுவனோ?" என்றேன்.

இரண்டு மாதம் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரையில் அது ஒரு சாதனை. பிறகு ஒருநாள் காலை, இறங்குதுறையில் நல்ல கூட்டம், கச்சான் கடலை விற்கிறவன் வரை எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மனிதர் கேட்டார்: "கிளாக்கர், லோஞ்ச் கவிண்டா என்ன செய்யிறது?"

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

"பயப்பிடாதேங்கோ. ஓடிப்போய்த் தண்டையலைக் கெட்டியாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. எல்லாருக்கும் முதல் அவரைத்தான் நாங்கள் தூக்கவேணும். ஆளுக்கு நீந்தத் தெரியாது!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். ஸெய்னுதீன் லோஞ்சின் விளிம்பில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக நின்றான். அவன் முகத்தைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

அந்தக் கதை லோஞ்சுக்கு முந்தி மூதூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே துறையில் இறங்கும்போது யாரோ, "தண்டையல், பாத்து! முழங்கால் மட்டும் தண்ணி!" என்று கத்தினார்கள். அடுத்த வாரம் ஆட்கள் லோஞ்சில் ஏற முதல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்களுக்குப் போட்டியாக இன்னொரு லோஞ்சும் ஓடியது. அதில் கூட்டம் கூடியது. முதலாளி ஸெய்னுதீனைக் கூப்பிட்டு, "நோன்புப் பெருநாள் வரைக்கும் ஓட்டு. அதுக்குப் பிறகு வேற ஆளைப் பாக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஸெய்னுதீன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒரே லோஞ்சில் பேசாமல் வேலை செய்ய முடியாதே. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். எஞ்சின்காரன் ஜெமீலை நடுவில் வைத்தான். நான் மூன்றடி தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் கீழே குனிந்து எஞ்சின் குழிக்குள் கத்துவான்: "ஜெமீல்! கிளாக்கரிட்டச் சொல்லு, கயித்தக் கழட்டட்டுமாம்!" ஜெமீல் கரி பூசிய முகத்தை வெளியே நீட்டி, "கிளாக்கர், கயித்தக் கழட்டட்டுமாம்" என்பான். நான், "கழட்டியாச்சு எண்டு சொல்லு" என்பேன். "கழட்டியாச்சாம்" என்பான் ஜெமீல். பாவம், அவனுக்கு இரண்டு எஞ்சின் பார்க்கிற வேலை.

இதைக் கனகம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி புடைப்பதை நிற்பாட்டினாள்.

"அவர் உங்களை நம்பிச் சொன்னதெல்லோ?"

"ஓம்."

"பிறகு?"

 சாம்பற்புதன் அன்று போதகர் நாக்கைப் பற்றிப் பிரசங்கித்தார். பெரிய கப்பலைச் சின்னச் சுக்கான் திருப்புகிற மாதிரி மனுஷனை நாக்குத் திருப்பும் என்றார். நான் லோஞ்சுக்காரன், எனக்கு விளங்கியது. என் சுக்கானை யாருமே பிடிக்காமல்தான் முப்பத்தெட்டு வருஷம் ஓடியிருக்கிறேன் என்றும் விளங்கியது. அதனால்தான் எழும்பினேன்.

அந்த வருஷம் லெந்தும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே வாரத்தில் பிறந்தன. லோஞ்சில் பாதிப் பேர் பட்டினி, நான் ஊமை. காலையில் ஐந்து மணிக்கு எழும்பிக் கட்டிலடியில் முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, டிக்கட் கூட்டு யன்னலுக்கு ஒரு கொளுக்கி இருக்கிறது. என் வாய்க்கும் ஒன்று போடும். இரவு எட்டு மணி வரைக்கும் போதும், மிச்சத்தைக் கனகம்மா பார்த்துக்கொள்ளுவா" என்று ஜெபம் பண்ணுவேன்.

பகிடியை விடுவது கஷ்டமில்லை; விட்டேன் என்று சனத்தை நம்பவைப்பதுதான் கஷ்டம். "நாலரை லோஞ்ச் சரியா நாலரைக்கு வெளிக்கிடும்" என்று சாதாரணமாகச் சொன்னேன். ஒருவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து வாங்கில் இருந்துவிட்டார். முகத்தை எவ்வளவுக்கு இறுக்கினேனோ அவ்வளவுக்குச் சிரித்தார்கள். மூதூரிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் பாய் விற்க வருகிற மைமூனா ராத்தா மட்டும் கவலைப்பட்டா.

"கிளாக்கர் தம்பி, வயித்துக்குள்ள ஏதும் பிரச்சினையா? மொகம் கட்டிப்போய்க் கிடக்கு."

"ஒண்டுமில்லை ராத்தா. லெந்து."

"அது என்ன வருத்தம்? மருந்து குடிச்சியா?"

அடுத்த நாள் ஏதோ ஒரு கஷாயப் போத்தல் கொண்டுவந்து தந்தா. வருத்தம் இல்லாமலே குடித்தேன். குடித்ததால் வருத்தம் வந்தது. இதை எழுதுகிறபோது எனக்குச் சிரிப்பாயிருக்கிறது. அன்றைக்கு ஒருவருக்கும் சொல்லாமல் விழுங்கினேன், கஷாயத்தையும் கதையையும்.

ஸெய்னுதீனிடம் மன்னிப்புக் கேட்கவும் போனேன். சிரிப்பில்லாத முகத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு, "நான் செய்தது பெரிய பிழை மச்சான், மன்னிச்சுக்கொள்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் எஞ்சின் குழிக்குள் குனிந்தான்.

"ஜெமீல், கிளாக்கர் புதுப் பகிடி ஒண்டு பழகுறார் போல. நல்லா வருதெண்டு சொல்லு."

ஜெமீல் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். அந்தச் செய்தியை மட்டும் அவன் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை போதகர் வீதியில் சைக்கிளை நிறுத்தினார். "குலசிங்கம், நீர் செத்தவீட்டுக்குப் போற மாதிரித் திரியிறீர். ஒண்டு சொல்ல மறந்திட்டன். நாப்பது நாளுக்குள்ள ஞாயிறு சேராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள், அண்டைக்கு ஒறுத்தல் இல்லை."

நான் அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். சைக்கிள் நடுவில் நின்றது.

அதற்குப் பிறகு நான் ஒரு கொப்பி வாங்கினேன். திங்கள் தொடக்கம் சனி வரை மனதில் வருகிற பகிடியை எல்லாம் அதில் எழுதிவைத்து, ஞாயிறு ஆராதனை முடிய கோவில் வளவு மரத்தடியில் அவிழ்ப்பது திட்டம். இரண்டாம் ஞாயிறு சனம் ஆராதனையின் கடைசிப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் பாடிவிட்டு மரத்தடிக்கு வந்தது. நான் கொப்பியைத் திறந்தேன். இருபத்தொரு பகிடி இருந்தது.

முதலாவது, புதுப் பல் கட்டிய தலைமை வாத்தியாரைப் பற்றியது. எழுதிய நாளில் நானே கூட்டுக்குள் இருந்து சிரித்தது. இப்போது அவர் முன்னால் நிற்கிறார், அந்தப் பல்லைக் காட்டி, ஆசையோடு. கொப்பியின் ஒற்றையைத் திருப்பினேன். அடுத்தது ஒரு விதவைப் பெண்ணின் கடும்பச்சைக் குடையைப் பற்றியது. அதையும் திருப்பினேன். எங்கள் ஊரில் மீனைப் பற்றிச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. பிடித்த அன்று எல்லா மீனும் ஒன்றுதான், நாலு நாள் கழித்துத்தான் எது எதுவென்று மூக்குச் சொல்லும். இருபத்தொன்றில் பதினெட்டு மணத்தது. அந்தப் பதினெட்டும் யாரோ ஒருவருடைய முதுகில் ஏறி இருந்துகொண்டுதான் சிரித்தன. மிஞ்சியது மூன்று. மூன்றும் என்னைப் பற்றியவை. நான் டிக்கட் கூட்டுக்குள் என்னையே வைத்துப் பூட்டிக்கொண்டு, திறப்பை யன்னலால் வெளியே போட்டுவிட்டு, லோஞ்ச் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த கதை அதில் ஒன்று. அந்த மூன்றையும் சொன்னேன். நன்றாகத்தான் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கனகம்மா, "இண்டைக்கு ஒருத்தரும் தலையைக் குனிஞ்சுகொண்டு வீட்டை போகேல்லை" என்றாள்.

இப்படியே மார்ச் இருபத்தாறாம் திகதி வந்தது. சனிக்கிழமை. பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. மூதூர்ச் சனம் காலையில் வந்து கடைத்தெருவைத் துடைத்து எடுத்துக்கொண்டு நாலரை லோஞ்சுக்கு வந்து சேர்ந்தது. போட்டி லோஞ்ச் நிரம்பிப் போய்விட்டதால் மிச்சப் பேர் எங்களிடம் ஏறினார்கள். அறுபது பேர், அறுபது பேருக்கும் புடவைப் பொட்டலம். ஸெய்னுதீன் சுக்கானடியில் நின்றான். அவனுக்கு அது கடைசிக் கிழமை.

பாதி வழியில் எஞ்சின் ஒருதரம் விக்கியது, இருதரம் இருமியது, நின்றது. ஜெமீல் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "டீசலுக்குள்ள தண்ணி. குழாய் எல்லாம் கழட்டிக் கழுவோணும்" என்றான். ஸெய்னுதீன் நங்கூரத்தை இறக்கச் சொன்னான். எனக்கு நேரே சொல்லவில்லை; குழிக்குள் சொன்னான். நான் இறக்கினேன். கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

பிரச்சினை வயிறுதான். கரைக்குப் போய்க் கஞ்சியோடு நோன்பு துறக்கலாம் என்று வந்த சனம் நடுக்குடாவில் இருந்தது. மைமூனா ராத்தாவின் பையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் இருந்தது. மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கலீலுர் றஹ்மான் மாஸ்டரின் கையில் மணிக்கூடு இருந்தது. லோஞ்ச் முழுவதும் ஒரு கண்ணைப் பெட்டியிலும் ஒரு கண்ணை மணிக்கூட்டிலும் வைத்துக்கொண்டு இருந்தது.

மாஸ்டர் என்னைப் பார்த்து, "கிளாக்கர் இண்டைக்கும் வாய் தொறக்க மாட்டாரா?" என்று கேட்டார்.

"நாளைக்குத்தான் மாஸ்டர். ஞாயிறு."

"எங்கட கணக்குக்குப் பொழுதுபட்டா அடுத்த நாள் பொறந்திட்டுது. மஃரிபோட உங்களுக்கும் ஞாயிறுதானே?"

நான் யோசித்தேன். எங்கள் வேதத்திலும் சாயங்காலம்தான் முதலில் வருகிறது, விடியற்காலம் பிறகு. போதகர் வாயாலேயே இதைக் கேட்டிருக்கிறேன். ஆக, சூரியன் விழுந்தவுடன் அவர்களுக்குப் பேரீச்சம்பழம், எனக்குப் பகிடி. அதன்பிறகு அறுபத்தோரு பேர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கப்பல் வெளிக்கிட்டுத் தூரத்தால் போனது. அழகாயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பல் போய் மறைந்தது. அதன் அலை பத்து நிமிஷம் கழித்து வந்தது.

லோஞ்ச் பக்கவாட்டில் தூக்கிப் போடப்பட்டது. புடவைப் பொட்டலங்கள் உருண்டன. ஒரு பெண் குழறினாள். யாரோ, "லோஞ்ச் கவிழப்போகுது!" என்றார். இன்னொருவர், அந்தப் பக்கம் முகம் தெரியவில்லை, "தண்டையலுக்கே நீந்தத் தெரியாதுடா!" என்று கத்தினார்.

என்னுடைய பகிடி. ஒரு மாதம் முந்தி இறங்குதுறையில் நான் விட்ட அதே பகிடி, நீந்திக்கொண்டு வந்து லோஞ்சில் ஏறிவிட்டது.

சனம் எழும்பியது. தூரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் தெரிந்த பக்கத்துக்கு எல்லாரும் ஓடினார்கள். லோஞ்ச் அந்தப் பக்கம் சரிந்தது. இரண்டாவது அலை வந்தால் தண்ணீர் உள்ளே வரும். "இரிங்க! எல்லாரும் இரிங்க! அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று ஸெய்னுதீன் தொண்டை கிழியக் கத்தினான். ஒருவரும் கேட்கவில்லை. நீந்தத் தெரியாத தண்டையலின் சொல்லை யார் கேட்பது? அவன் கத்துவதை நிறுத்தினான். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்தரம், ஜெமீல் இல்லாமல், நேரே.

நான் சூரியனைப் பார்த்தேன். மேற்கே கிண்ணியாக் கரை மரங்களுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் அது அவசரமில்லாமல் இருந்தது.

"மாஸ்டர், இன்னும் எவ்வளவு?"

"ஆறு நிமிஷம்!" என்றார் மாஸ்டர், ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு. பாவம், அந்த நேரத்திலும் நான் நோன்புக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆறு நிமிஷம். ஆண்டவருக்கும் அயலட்டைக்கும் முன்னால் சொன்ன சொல். ஞாயிறு போக இருபத்தொரு நாள் பல்லைக் கடித்துக் கொண்டுவந்தது. மைமூனா ராத்தா விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தா. வேறு என்ன செய்வது? வாங்கில் ஏறினேன்.

"ராத்தா!" என்று கத்தினேன். "இறங்கிறதெண்டா டிக்கட்டைத் தந்திட்டு இறங்குங்கோ! பாதி வழியில இறங்கினா முதலாளி என்னையெல்லோ கேப்பார்!"

எங்கோ ஒரு சிரிப்பு, தெரியாமல் வெடித்தது. மைமூனா ராத்தா காலைத் தூக்கியபடியே திரும்பினா. அவவுக்குக் கோபம்.

"உனக்கென்ன பகிடி! தண்டையலுக்கு நீந்தத் தெரியாதெண்டு நீதானே சொன்னாய்? உண்மையா இல்லையா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஸெய்னுதீன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். போனமுறை அவன் பின்னால் நிற்கிறபோது சொன்னேன். இந்தமுறை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"உண்மை ராத்தா. அவருக்கு நீந்தத் தெரியாது. எனக்கு நல்லா நீந்தத் தெரியும். இந்த லோஞ்ச் தாழத் தொடங்கினா நான் எங்க நிப்பன் தெரியுமோ? மூதூர்க் கரையில, தலை துடைச்சுக்கொண்டு! இவர் எங்க நிப்பார்? இஞ்சதான்! இவருக்குப் போக வேற இடமில்லை! பதினெட்டு வருஷமா இந்த மனுசன் ஒரு லோஞ்சையும் தாழவிடேல்லை. உங்களுக்காக எண்டு நினைச்சியளோ? தன்ர உயிருக்காக! நீந்தத் தெரிஞ்சவனை நம்பி ஏறாதேங்கோ ராத்தா, அவன் பாய்ஞ்சிடுவான்! இவரை நம்புங்கோ, இவர் பாயமாட்டார்!"

 பிறகு மைமூனா ராத்தா காலை உள்ளே எடுத்தா.

"அது சரிதானே" என்றா.

அவ்வளவுதான். அறுபது பேரும் சிரித்தார்கள். சிரிக்கிற மனிதனுக்கு நிற்கக் கஷ்டம், குந்தி இருந்துவிடுவான். ஒவ்வொருவராக இருந்தார்கள். "இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி" என்றான் ஸெய்னுதீன். இந்தமுறை கேட்டார்கள். அவன் சுக்கானை ஒரு பக்கம் ஒடித்து, என்னை ஒரு துடுப்பால் தள்ளவைத்து, லோஞ்சின் மூக்கை அலைக்கு நேரே திருப்பினான். இரண்டாவது அலை வந்து எங்களைத் தூக்கி, மெதுவாக இறக்கிவிட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் சூரியன் விழுந்தது. மாஸ்டர் முன்பக்கம் நின்று பாங்கு சொன்னார். நடுக்கடலில் அதைக் கேட்க ஒரு மாதிரித்தான் இருந்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பேரீச்சம்பழப் பெட்டி கைமாறி வந்தது.

"ஜெமீல்!" என்றான் ஸெய்னுதீன். "கிளாக்கருக்கும் ஒண்டு குடு!"

ஜெமீலின் தலை எஞ்சினுக்குள் இருந்தது. பதில் வரவில்லை.

"ஜெமீல்!"

ஒன்றுமில்லை. ஸெய்னுதீன் தன் கையில் இருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இந்தா, தின்" என்றான்.

தின்றேன். கொட்டையைக் கடலில் துப்ப மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கனகம்மா தோய்க்கும்போது கண்டெடுத்து, இதென்ன என்று கேட்டாள். சொன்னேன். அதை எறியாமல் அலுமாரிக்குள் வைத்தாள்.

பெருநாள் வந்தது, போனது. முதலாளி வேறு ஆள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மைமூனா ராத்தா அவரை விட்டிருக்கமாட்டா. இறங்குதுறையில் இப்போது அவதான் எங்களுக்கு ஆள் சேர்த்தா: "இதில ஏறு புள்ள. இந்தத் தண்டையலுக்கு நீந்தத் தெரியாது." போட்டி லோஞ்சின் தண்டையல் சிறுவயதிலிருந்தே கடலில் விளையாடி வளர்ந்தவர், நல்ல மனிதர். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்ற செய்தி மெல்ல மெல்லப் பரவ, அவருடைய லோஞ்சில் கூட்டம் குறைந்தது. ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "உன்ர வாயால நானும் கெட்டன்" என்றார். அதற்கும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று.

ஆனால் அந்த ஆறு நிமிஷம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. போதகரிடம் போய் முழுவதையும் சொன்னேன்.

"பொழுதுபட்டாப் பிறகு எண்டா பிழையில்லை, குலசிங்கம். முந்தியோ?"

"ஆறு நிமிஷம் முந்தி, ஐயா."

அவர் யன்னலைச் சாத்தினார். "சனத்தைக் காப்பாத்தினீர். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நீங்கள் சொல்லாட்டியும் நாப்பது நாள் நாப்பது நாளாகேல்லை, ஐயா. ஆறு நிமிஷம் குறையுது. உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு அதை நிண்டு முடிக்கிறன்."

"ஞாயிறு கணக்கில சேராதே?"

"அண்டைக்குத்தான் ஐயா எனக்குப் பேச ஆசை கூட. விடுறதெண்டா அண்டைக்கு விட்டால்தானே விட்டதாகும்?"

போதகரின் கை கைலேஞ்சியைத் தேடியது.

உயிர்த்த ஞாயிறு விடியற்காலை ஆராதனை முடிந்தது. நாற்பது நாள் காத்திருந்த சனம் மரத்தடியில் கூடி நின்றது. நான் நடுவில் போய் நின்றேன். போதகர் தன் மணிக்கூட்டைப் பார்த்து, "தொடங்கும்" என்றார். வாயை மூடினேன்.

முதல் நிமிஷம் சனம் ஆவலோடு பார்த்தது. இரண்டாம் நிமிஷம் ஒருவர் சிரித்தார். மூன்றாம் நிமிஷம் எல்லாரும் சிரித்தார்கள். தலைமை வாத்தியார் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஒன்றுமே செய்யவில்லை, சத்தியமாக. கனகம்மாவைப் பார்த்தேன். சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நிமிஷம் படலையில் ஸெய்னுதீன். காலை லோஞ்சுக்குக் கிளாக்கரைக் காணவில்லை என்று தேடி வந்திருக்கிறான்.

"என்ன தங்கச்சி, இந்த மனிசன் ஏன் கொடிமரம் மாதிரி நிக்கிறான்?"

"ஆறு நிமிஷம் வாய் திறக்க மாட்டாராம், அண்ணே. அண்டைக்கு லோஞ்சில முந்தினதுக்கு" என்றாள் கனகம்மா.

ஸெய்னுதீன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். என்னைச் சுற்றி ஒருதரம் நடந்தான், விலைக்கு வந்த மாட்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு சனத்தின் பக்கம் திரும்பினான்.

"எனக்கு நீந்தத் தெரியாதெண்டு இவன்தான் ஊரெல்லாம் சொன்னவன். ஓம், தெரியாது. இவனுக்கு வாய் மூடத் தெரியாதெண்டு நான் ஏழு வருஷமா ஒருத்தருக்கும் சொல்லல்ல. பாருங்க, இண்டைக்குத்தான் முதல்முதலா மிதக்கிறான். ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க, பயத்தில எங்களையும் பிடிச்சு இழுத்துப்போடுவான்!"

சனம் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஸெய்னுதீன் பகிடி விடுவான் என்று நான் ஏழு வருஷத்தில் நினைத்ததே இல்லை. அவனும் சிரித்தான், என் முகத்தை நேரே பார்த்து. எனக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். நாக்கு நுனிவரை வந்து நின்றது.

போதகரைப் பார்த்தேன். அவர் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு நிமிஷம்.